லீவு போடாதவங்களுக்கு ஒரு பட்டுச்சேலை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஆங், போதுமுங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தக் கறுப்புக் கண்ணாடி வெயிலுக்குத்தானுங்களே போட்டிருக்கறீங்க? கண்ணுக்கு ஒண்ணுமில்லையே? அப்பச் சரி. கறுப்புக் கண்ணாடி போட்ட ஆளைப் பாத்தாலே நான் ஒரு அடி தள்ளிக்கறேனுங்க. போன தீவாளில இருந்து இப்படித்தான். ஏன்னு சொல்றேன், பஸ்சு கோயமுத்தூரு போய்ச் சேர்றதுக்கு நேரம் கெடக்குது.

என்ற பேரு கிட்டுசாமிங்க. பொள்ளாச்சி கடைவீதிக்குப் பின்னால ஒரு சந்துல பொம்பளைங்களுக்கு ப்ளவுஸ் தைக்கற கடை வெச்சிருக்கறேன். நான் அளவெடுக்கறதில்ல, தைக்கறதில்ல. துணி வாங்கி வெக்கறது, கஸ்டமர்கிட்டப் பேசறது, கல்லாவுல உக்காந்துக்கறது, அதுதான் என்ற வேலை. தைக்கறதெல்லாம் பொம்பளைப் புள்ளைங்க. ஒம்பது பேருக்கு மேல எப்பவும் வெச்சுக்க மாட்டேன். பத்தாவதா எத்தனை நல்ல கை வந்து கேட்டாலும், போயிட்டு அப்பறம் வா அம்மிணின்னு அனுப்பிருவேன். பத்துன்னு ஆயிட்டா இ.எஸ்.ஐ., அது இதுன்னு ஆபீசருங்க உள்ள வந்துருவாங்க. ஒம்பதோட நின்னுட்டா நிம்மதிங்க.

இன்னிக்கு அதுக்குத்தான் போறேன். கோயமுத்தூர்ல ஒரு மண்டபத்துல கூட்டமுங்க. ஒரு கமிட்டி வந்து உக்காந்து கருத்துக் கேக்குதாம். பெரிய மில்லு, கம்பெனின்னா வேலைக்காரங்க சீக்காப் படுத்தாச் சம்பளத்துல ஒரு பங்கு கெடைக்குது. எங்களாட்டச் சின்னக் கடைக்கு அந்தச் சட்டமெல்லாம் இல்ல. இப்ப அதையும் கொண்டு வரலாமான்னு யோசிக்கறாங்களாம். சர்க்காரு கொஞ்சம், வேலைக்காரங்க கொஞ்சம், முதலாளி கொஞ்சம்னு மூணு பேரும் போட்டு வெச்சுக்கோணுமாம். யாருக்காச்சும் காய்ச்சல் வந்து படுத்தா அதுல இருந்து சம்பளம் குடுப்பாங்களாம். எங்க கடைக்காரங்க சங்கத் தலைவரு நாட்ராயன், அவரு துணிக்கடை வெச்சிருக்கறாரு, அவருதான் சொன்னாரு, கிட்டுசாமி, உனக்குத்தான் வாய் இருக்குது, நீ போய் வேண்டாம்னு பேசிட்டு வாய்யான்னு. சரின்னு கெளம்பிட்டேன்.

ஏன் வேண்டாங்கறேன்? கேளுங்க. நாங்கெல்லாம் ஒரே குடும்பமுங்க. என்ற கடைல ஒருத்தி என்னை முதலாளின்னு கூப்புட்டதில்ல. எல்லாத்துக்கும் நான் அண்ணாதான். பொங்கலுக்குச் சேர்ந்து பொங்கல் வெக்கறோம், ஆடிக்குச் சேர்ந்து மாசாணியம்மன் கோயிலுக்குப் போறோம். குடும்பத்துக்குள்ள எவனாச்சும் சட்டம் போடுவானுங்களா? உங்க ஊட்டுல போடுவீங்களா? அப்பறம் என்னத்துக்கு எங்களுக்கு மட்டும்?

அதுவுமில்லாம எங்க நெலமையையும் பாக்கோணுமில்லீங்க. ரெடிமேடு ப்ளவுஸ் வந்து பாதி யாவாரத்தைத் தின்னு போட்டுது. கடை வாடகை, கரண்டு, மெஷினுக்கு எண்ணெய், ஊசி, நூலு. ஒருத்தி படுத்துட்டா அவளுக்கும் குடுத்து, அவ எடத்துக்கு வர்றவளுக்கும் குடுத்தா நான் எங்க போறது? நாளைக்கு நான் படுத்தா எனக்கு எவன் குடுப்பான்? இதை ஒரு பேச்சா நான் அங்க வெக்கப் போறேன். நல்லாருக்குதுங்களா? தலையை ஆட்டறீங்க. சரி.

எங்க கடைல ஒரு வழக்கம் இருக்குதுங்க. அதைச் சொன்னாத்தான் மத்ததெல்லாம் புரியும். தீவாளி நோம்பிதான் எங்களுக்கு அறுவடை. ஆவணில ஆரம்பிச்சா நோம்பி வரைக்கும் மூச்சு விட நேரமிருக்காது. அப்பப் பாத்துத்தான் இதுங்க ஒண்ணொண்ணா லீவு போடும். புள்ளைக்குக் காய்ச்சல், மாமியாளுக்குக் கால்வலி, ஊட்டுக்கு ஒறம்பரைச் சனம் வந்துட்டாங்க. வந்தாத்தான் கூலி, வராட்டி இல்லைன்னு தெரிஞ்சும் போடுவாங்க. அதுக்கு நான் ஒரு யோசனை பண்ணினேன். ஒரு நல்ல பட்டுச்சேலை வாங்கி, கண்ணாடித் தாள் உறை போட்டு, மெஷினுக்கு எதுத்தாப்பல செவுத்துல மாட்டிருவேன். நோம்பி வரைக்கும் ஒரு நாளு கூட லீவு போடாம வர்றவங்களுக்கு அது. ஒண்ணுக்கு மேல ஆளு இருந்தாச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கறது. தலையைத் தூக்கினாச் சேலைதான் தெரியும். போன வருசம் மாட்டினது மயில்கழுத்துக் கலரு, அரக்கு பார்டரு. அதுக்கு எந்த மாதிரி ப்ளவுஸ் தைக்கறதுன்னு ஆளுக்கொரு கணக்குப் போட்டு வெச்சிருந்தாளுக. லீவா, அந்தப் பேச்சே இல்ல. நாட்ராயனே வந்து பாத்துட்டு, உன்ற மூளையே மூளைன்னு சொல்லிட்டுப் போனாரு.

சாந்தாமணின்னு ஒருத்திங்க. என்ற கடைக்கே அவதான் கை. கழுத்து வெட்டு, கை ஏத்தறது, ரெண்டுலயும் அவளை அடிச்சுக்க ஆளில்ல. கஸ்டமருங்க துணியைக் குடுக்கறப்பவே, சாந்தாமணிதான் தைக்கோணும்னு சொல்லிட்டுத்தான் குடுப்பாங்க. ஊட்டுக்காரன் சரியில்ல, எங்கியோ போயிட்டான். ஒரே மக, நர்சுக்குப் படிக்குது. அதைப் படிக்க வெச்சுரோணும்னு ஒரே வெறி அவளுக்கு. அதனால அவ லீவே போட மாட்டா. எனக்குப் புடிச்ச ஆளு.

ஐப்பசி பொறந்துருச்சு. ஊருக்குள்ள மெட்ராஸ் ஐ வந்துருச்சுன்னு பேச்சு. ஒரு நாளு காலைல இவ கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வர்றா. நான் கிண்டல் பண்ணினேன், என்ன அம்மிணி, படத்துல நடிக்கப் போறியான்னு. தூசி விழுந்துருச்சுங்க அண்ணான்னா. சரி, ஊசில நூல் கோக்கறதுக்குக் கண்ணாடியைக் கழட்டித்தான ஆகோணும்? கழட்டினா. மொளகாப் பொடியைக் கொட்டினாப்பலச் செவந்து கெடக்குது, தண்ணி தாரையா ஊத்துது.

நான் உடனே சொன்னேனுங்க. இதை நீங்க நல்லாக் கேட்டுக்கோணும், ஏன்னாப் பின்னால ஆளாளுக்கு ஒண்ணு பேசினாங்க. நான் சொன்னேன், “ஊட்டுக்குப் போ அம்மிணி. உடம்பைப் பாத்துக்க. உடம்புதான் முக்கியம்.”

அவ என்னையே பாத்தா. “போனாக் கூலி உண்டுங்களா அண்ணா?”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வேலை செய்யாம எப்படிக் கூலி வரும்? அதைச் சொன்னேன். அவ செவுத்துல இருந்த சேலையைப் பாத்தா. “அதுவும் போயிருமுங்களா?” அது லீவு போடாதவங்களுக்குன்னு உனக்குத் தெரியாதா அம்மிணின்னேன். அவ கண்ணாடியை மாட்டிக்கிட்டு மெஷின்ல உக்காந்துட்டா. நான் போகச் சொன்னேன், அவதான் போகலை. இழுத்துட்டுப் போயா விட முடியும்?

அப்பறம் என்னங்க, எங்க கடைல ஒரே கத்தரி, ஒரே டேப்பு, கை தொடைக்கறதுக்கு ஒரே துண்டு. ஒரு வாரத்துல ஒம்பது பேருக்கும் வந்துருச்சு. ஒருத்தியாச்சும் ஊட்டுக்குப் போவாளான்னா, மாட்டா. சேலை தொங்குதில்ல. அவ போனா மத்தவளுக்குப் போட்டிக்கு ஒரு சீட்டு கொறையுமே. நாந்தான் மனசு கேக்காம, ரோட்டோரம் கண்ணாடி விக்கறவன்கிட்டப் போயி எல்லாத்துக்கும் சேர்த்துக் கறுப்புக் கண்ணாடி வாங்கியாந்தேன். என்ற சொந்தச் செலவுங்க. எந்தச் சட்டத்துல இருக்குது கண்ணாடி வாங்கிக் குடுக்கோணும்னு? இதையும் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

அந்தக் கூத்தை நீங்க பாத்திருக்கோணும். கடைக்குள்ள வந்தா ஒம்பது பொம்பளைங்க கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வரிசையா உக்காந்து கடகடன்னு மெஷினை ஓட்டிட்டு இருக்கறாங்க. போற வர்றவங்கெல்லாம் நின்னு போட்டோ எடுத்தாங்க. தைச்ச லட்சணத்தைக் கேக்காதீங்க. பச்சைத் துணிக்கு ஊதா நூலு. முன்னால வெக்க வேண்டிய கொக்கி பின்னால. ஆயில் மில்லுக்காரரு ஊட்டம்மாவுக்கு ரெண்டு கையும் ஒரே பக்கத்துக் கையா வெச்சுத் தைச்சுப் போட்டாங்க. அந்தம்மா கடைக்கு வந்து சண்டை போட்டுட்டு, போறப்ப மெட்ராஸ் ஐயையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க ஊட்டுல அப்ப நிச்சயதார்த்தம். போட்டோவுல பொண்ணு மாப்பளையில இருந்து பூசாரி வரைக்கும் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி. இன்னிக்கும் என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. என்ற தப்பு என்ன இருக்குது அதுல? காத்துல வர்ற சீக்கு அது.

எனக்கும் வந்துச்சுங்க. வராம இருக்குமா? ஆனா நான் பாருங்க, புத்தியாப் பண்ணினேன். கடைப்பக்கமே போகலை. ஊட்டுல ஜன்னலைச் சாத்திட்டு, பேன் போட்டுட்டுப் படுத்துட்டேன். எங்கூட்டுக்காரி எளனியும் மோருமாக் குடுத்துட்டே இருந்தா. கல்லாவுக்கு மச்சினனை அனுப்பினேன். டாக்டரு வந்து பாத்துட்டு, வேற ஒண்ணும் வேண்டாம், கண்ணுக்கு ஓய்வு குடுங்க, தானாப் போயிரும்னாரு. அதே மாதிரி நோம்பிக்குள்ள துடைச்சு விட்டாப்பலப் போயிருச்சு. ஓய்வுதானுங்க மருந்து. இந்தச் சின்ன விசயம் நம்ம ஆளுங்களுக்குத் தெரியறதில்ல பாருங்க, அதுதான் எனக்கு வெசனம்.

கிணத்துக்கடவு வந்துருச்சுங்களா? இன்னும் நேரம் இருக்குது.

சாந்தாமணி என்ன பண்ணினான்னா, மெடிக்கல் கடைல எவனோ குடுத்த சொட்டு மருந்தை வாங்கி ஊத்திட்டு, ராப்பகலாத் தைச்சா. மத்தவங்களுக்கெல்லாம் கொறஞ்சுருச்சு, அவளுக்கு மட்டும் ஏறிட்டே போச்சு. நோம்பிக்கு மொத நாளு அவளால கண்ணையே தொறக்க முடியலை. அன்னிக்கு ஒரே ஒரு நாளு வரலைங்க.

எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. அத்தனை நாளு வந்துட்டு கடைசி நாளு விட்டுட்டாளே பாவின்னு. ஆனா ரூலுன்னா ரூலுதானுங்களே. அவ பேரைச் சீட்டுல சேர்த்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க? சேர்க்கலை. ஆனா அவளுக்குன்னு ஒரு நல்ல ப்ளவுஸ் பிட்டு எடுத்துத் தனியா வெச்சேன். மனுசன்னா மனசு வேணுமில்லீங்க.

சீட்டு துளசிங்கற புள்ளைக்கு விழுந்துது. கல்யாணமாகாத புள்ளை, துள்ளிக் குதிப்பான்னு பாத்தா, இல்ல. சேலையை வாங்கிட்டு நேரா சாந்தாமணி ஊட்டுக்குப் போயி, அவ மடில வெச்சுட்டு வந்துட்டா. சாந்தாமணி அதைக் கட்டினாளா? கட்டலை. உறை பிரிக்காம வித்துட்டு, அந்தக் காசுல மகளைக் கூட்டிக்கிட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனா. இப்ப நீங்களே சொல்லுங்க, அவ வைத்தியத்துக்குப் பணம் எங்க இருந்து வந்துச்சு? என்ற சேலைல இருந்துதான வந்துச்சு? ஆக, சட்டம் சொல்றதுக்கு முன்னாலயே நான் குடுத்துட்டேன். இதை நாட்ராயன்கிட்டச் சொன்னப்ப அவரு ஒரு மாதிரி பாத்துட்டு, யாவாரத்தைப் பாக்க எந்திரிச்சுப் போயிட்டாரு.

ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க, வலது கண்ணுல பூ விழுந்துருச்சுன்னு. ஆரம்பத்துலயே ஓய்வா இருந்திருந்தா வந்திருக்காதாம், அந்தச் சொட்டு மருந்தும் தப்பாம். ஒரு ஈரத் துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதுக்குள்ளால பாக்கறாப்பலத்தான் அந்தக் கண்ணுல தெரியுதாம். கண்ணு மாத்தி வெச்சாச் சரியாகலாம், அதுக்குக் காத்திருக்கோணும்னாங்களாம். ஊசில நூல் கோக்க வராது, வெட்ட வராது. அந்தக் கை போயிருச்சுங்க. எனக்கு அது எவ்வளவு நட்டம்னு யோசிச்சுப் பாருங்க. சாந்தாமணி கைன்னு சொல்லிட்டு வந்த கஸ்டமருங்க பாதிப் பேரு இப்ப வர்றதில்ல. என்னை யாராச்சும் ஒரு வார்த்தை விசாரிச்சாங்களா? இல்ல.

இருந்தும் நான் அவளை விட்டுப் போடலைங்க. வேற எடமா இருந்தா, போம்மான்னுருப்பாங்க. நான் கொக்கி கட்டற வேலை குடுத்திருக்கறேன். தடவிப் பாத்தே கட்டிருவா. தையலுக்குக் குடுக்கற கூலி அதுக்குக் குடுக்க முடியாது, அது வேற ரேட்டு, அவளுக்கும் தெரியும். மக படிப்பைப் பாதில நிறுத்திட்டு ஒரு கிளினிக்குல வேலைக்குப் போகுதாம். கெட்டிக்காரப் புள்ளை, எப்படியாச்சும் பொழைச்சுக்கும்.

இன்னொண்ணும் சொல்லோணும். இது நடந்த பொறகு புள்ளைங்க ஒரு காரியம் பண்ணினாங்க. ரங்கநாயகிங்கறவ, கொஞ்சம் வாய்க்காரி, அவதான் ஆரம்பிச்சு வெச்சா. சனிக்கெழமை கூலி வாங்கினதும் ஆளுக்குக் கொஞ்சம் ஒரு டப்பாவுல போட்டு வெச்சுக்கறாங்க. எவளுக்காச்சும் சீக்கு வந்தாப் போய்ப் படுத்துக்கலாம், அதுல இருந்து குடுப்பாங்க. எனக்கு நெம்பச் சந்தோசம். பாத்தீங்களா, சட்டம் இல்லாம அவங்களே பண்ணிக்கறாங்க. இதைத்தான் நான் கூட்டத்துல எடுத்துச் சொல்லப் போறேன். ஆனா அந்த ரங்கநாயகி என்ன கேட்டா தெரியுமுங்களா? நீங்களும் போடுங்க அண்ணா, ஒரு நாளைக்கு ஒரு டீக்காசு போதும்னா. நான் மாட்டேன்னுட்டேன். காசுக்காக இல்லீங்க. இன்னிக்கு டீயின்னு ஆரம்பிச்சா நாளைக்கு அது பழக்கமாயிரும். நாலு நாளு கழிச்சுப் பாத்தா அது கடமைன்னு ஆயிரும். நான் அன்பாக் குடுக்கறவன், கடமைக்குக் குடுக்கறவன் இல்ல. எங்கூட்டுக்காரி கூட அன்னிக்குக் கேட்டா, ஒரே குடும்பம்னு சொல்றீங்களே, குடும்பத்துல நீங்க மட்டும் போட மாட்டீங்களான்னு. பொம்பளைங்களுக்கு யாவாரம் புரியாதுங்க.

ஈச்சனாரி. ஒரு நிமிசம் இருங்க, புள்ளையாரைக் கும்புட்டுக்கறேன். இன்னிக்குப் பேச்சு நல்லபடியா அமையோணும்.

நாட்ராயன் ஒரு யோசனை சொன்னாரு. கிட்டுசாமி, நீ முதலாளி, நீ வேண்டாம்னு சொன்னா உன் காசுக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. உங்கிட்ட வேலை செய்யற ஒருத்தியே வந்து, எங்க அண்ணன் எங்களை நல்லாத்தான் பாத்துக்கறாரு, சட்டம் எதுக்குன்னு சொன்னா அதுக்கு மதிப்பே வேறன்னாரு. நல்ல யோசனைதானுங்களே? கடைல கேட்டுப் பாத்தேன். துளசி குனிஞ்ச தலை நிமிரலை. ரங்கநாயகி சிரிச்சா. மத்தவங்க மெஷினை வேகமா ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்ப மூலைல உக்காந்து கொக்கி கட்டிட்டு இருந்த சாந்தாமணி, நான் வர்றேனுங்க அண்ணான்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. விசுவாசம்னா அதுதானுங்க.

அந்தா, முன்னால டிரைவருக்குப் பின் சீட்டுல, ஜன்னலோரம் சாஞ்சு உக்காந்திருக்கறாளே, அவதான். இன்னிக்கு அவளுக்கு வேலை கெடையாது, ஒரு கொக்கி கூடக் கட்டலை. இருந்தாலும் ஒரு நாளுக் கூலி முழுசாக் குடுத்தர்றேன்னு சொல்லியிருக்கறேன். பஸ்சுக்கும் நாந்தான். குடுக்க முடியாதுன்னு இல்லீங்க, மனசுதான் வேணும்.

காலைல பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்து, என்னென்ன பேசோணும்னு வரிசையாச் சொல்லிக் குடுத்தேன். கண்ணாடி வாங்கிக் குடுத்தது, பட்டுச்சேலை வெச்சது, கொக்கி வேலை குடுத்தது, நான் ஊட்டுக்குப் போகச் சொன்னது. எல்லாத்தையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டா. எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுன்னேன். டீயைக் குடிச்சு முடிச்சு டம்ளரைக் கீழ வெச்சுட்டுத்தான் பேசினா.

“மனப்பாடமெல்லாம் எனக்கு வராதுங்க அண்ணா. நடந்ததை நடந்தபடி சொல்லிப் போடறேன்.”

எனக்கு அப்பத்தான் நிம்மதி ஆச்சுங்க. நடந்ததைச் சொன்னாப் போதுமே, அதுக்கு மேல என்ன வேணும்? நம்ம பக்கம் ஒரு கொறையும் இல்லையே. உடனே கூட்டம் நடத்தறவங்களுக்கு போன் பண்ணி, என்ற பேச்சைப் பின்னால வெச்சுக்குங்க, மொதல்ல எங்க கடைப் புள்ளை பேசட்டும்னு சொல்லிட்டேன்.